டப்ளினில் விஸ்கி ருசிக்கும் நடைச் சுற்றுலா: காசு கொடுத்துப் போகலாமா?

"டப்ளினில் இரண்டு நாள் தங்கப்போகிறோம். ஊரைக் காட்டியபடியே ஐரிஷ் விஸ்கியும் ருசிக்கக் கொடுக்கிற நடைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டலாமா, இல்லை ஜேம்சன் டிஸ்டில்லரிக்கு மட்டும் போய்விட்டு வந்தால் போதுமா? எனக்கு விஸ்கி பற்றிப் பெரிதாகத் தெரியாது, மனைவி குடிக்கமாட்டார்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: நாலு பப்பில் நாமே போய் உட்கார்ந்து நாலு கிளாஸ் வாங்கிக்கொள்ளலாமே, கூடவே ஒருவர் பேசிக்கொண்டு வருவதற்கு எதற்குத் தனியாகக் காசு? நியாயமான சந்தேகம். பல சுற்றுலாக்கள் உண்மையிலேயே அவ்வளவுதான். ஆனால் நல்லதாக ஒன்று அமைந்தால், கிளாஸில் இருப்பது ஏன் அந்த ருசியில் இருக்கிறது என்பதற்குத் தெருவே பதில் சொல்லும். அப்படிப்பட்டதை எப்படி அடையாளம் காண்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஜேம்சன். போ ஸ்ட்ரீட்டில் நீங்கள் பார்க்கப்போகும் இடம் பழைய டிஸ்டில்லரிக் கட்டடம்தான். அங்கே வடிப்பது 1971இல் நின்றுவிட்டது. 1975 முதல் ஜேம்சன் வருவது தெற்கே கார்க் மாவட்டத்தில் உள்ள மிடில்டன் ஆலையிலிருந்து. ஆகவே போ ஸ்ட்ரீட்டில் கிடைப்பது ஒரு நல்ல காட்சிக்கூடமும், வழிகாட்டியின் விளக்கமும், பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ருசிக்கும் மேசையும். முதல் தடவை விஸ்கியைக் கவனித்துக் குடிப்பவருக்கு அது பயனுள்ளது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நொதிக்கும் தொட்டியிலிருந்து எழும் புளித்த மாவு வாசனையும், சூடான செம்புக் கலன்களும் வேண்டுமென்றால் ஊர் நடுவே ஓடும் லிஃபி ஆற்றுக்குத் தென்கரையில் லிபர்ட்டீஸ் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே நியூமார்க்கெட் சதுக்கத்தில் டீலிங் டிஸ்டில்லரி 2015இல் திறந்தது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்குமேல் டப்ளினில் புது டிஸ்டில்லரியே வராமல் இருந்து, பிறகு வந்த முதல் ஆலை அது. அதன்பின் ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டில் பழைய தேவாலயம் ஒன்றுக்குள் பியர்ஸ் லயன்ஸ் 2017இலும், கின்னஸின் பழைய மின்நிலையக் கட்டடத்தில் ரோ அண்ட் கோ 2019இலும் வந்தன. ஒரு எச்சரிக்கை: சமீப ஆண்டுகளில் இந்தத் தொழிலில் தேக்கம் வந்து, சில ஆலைகள் உற்பத்தியை நிறுத்தி வைத்திருக்கின்றன. எங்கே போவதானாலும் அந்த வாரத்தில் திறந்திருக்கிறதா, கலன் ஓடுகிறதா என்று நேரடியாகக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

லிபர்ட்டீஸை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலக விஸ்கிச் சந்தையை ஆண்ட நான்கு பெரிய டப்ளின் நிறுவனங்களில் மூன்று அங்கேதான் இருந்தன. தாமஸ் ஸ்ட்ரீட்டில் ஜார்ஜ் ரோ, ஜான்ஸ் லேனில் ஜான் பவர், மேரோபோன் லேனில் வில்லியம் ஜேம்சன்; நான்காவதான ஜான் ஜேம்சன் மட்டும் ஆற்றுக்கு வடக்கே. ரோ ஆலை 1880களில் பதினேழு ஏக்கரில், ஆண்டுக்கு ஏறக்குறைய இருபது லட்சம் கேலன் வடித்தது. இப்போது அதில் மிஞ்சியிருப்பது காற்றாலைக் கோபுரம் ஒன்றுதான். உச்சியில் வெங்காய வடிவில் பச்சை படிந்த செம்புக் கூரை. தெருவிலிருந்தே தெரியும். பவர் ஆலையின் இடத்தில் இன்று தேசியக் கலை, வடிவமைப்புக் கல்லூரி நடக்கிறது. அதன் வளாகத்துக்குள் மூன்று பழைய செம்புக் கலன்கள் கட்டடம் போனபிறகும் வெட்டவெளியில் நின்றுகொண்டிருக்கின்றன. கல்லூரி என்பதால் வேலைநாள் பகலில் போனால்தான் கேட் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். அதே தெரு வழியே கிழக்கே வந்தால் கிறைஸ்ட் சர்ச் கதீட்ரல். 1870களில் அதைப் புதுப்பிக்க இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பவுண்டு கொடுத்தவர் ஹென்றி ரோ, விஸ்கிக் குடும்பத்துக்காரர். சற்றுத் தள்ளியுள்ள செயின்ட் பேட்ரிக் கதீட்ரலை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு புதுப்பித்தது கின்னஸ் குடும்பம். ஊரின் இரண்டு பெரிய கோயில்களில் ஒன்றுக்கு விஸ்கிப் பணம், இன்னொன்றுக்கு பீர்ப் பணம்.

வழிகாட்டி சொல்லாமல் விடக்கூடாத கதை 1875ஆம் ஆண்டு ஜூன் 18 இரவு நடந்த தீ விபத்து. லிபர்ட்டீஸில் மலோன் என்பவரின் சரக்குக் கிடங்கு பற்றிக்கொண்டது. பீப்பாய்கள் வெடித்து, எரியும் விஸ்கி தெருவில் ஓடியது. தண்ணீர் அடித்தால் சாராயம் அதன்மேல் மிதந்து தீயை இன்னும் பரப்பும் என்பதால், தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் ராபர்ட் இங்க்ராம் குதிரைச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொட்டி அணை போட்டு நிறுத்தினார். பதின்மூன்று பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர்கூடத் தீயிலோ புகையிலோ சாகவில்லை. தெருவில் ஓடிய சரக்கைத் தொப்பியிலும் காலணியிலும் மொண்டு குடித்து, அதன் நஞ்சேறிச் செத்தார்கள். பீப்பாயிலிருந்து நேராக வருவது பாட்டிலில் அடைப்பதைவிட வெகு காட்டமானது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

இவ்வளவு பெரிய தொழில் ஏன் விழுந்தது என்று கேட்டால் பெரும்பாலான வழிகாட்டிகள் அமெரிக்க மதுவிலக்கைச் (1920 முதல் 1933 வரை) சொல்லி முடித்துவிடுவார்கள். அது ஒரு காரணம்தான். அதற்கு வெகு முன்பே, 1830இல், ஏனியஸ் காஃபி என்ற முன்னாள் ஐரிஷ் கலால் அதிகாரி தொடர்ந்து ஓடும் உயரமான வடிகலன் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். மலிவாக, இடைவிடாமல், லேசான சாராயம் வடிக்கும் கருவி. டப்ளின் முதலாளிகள் 'இதெல்லாம் விஸ்கியே இல்லை' என்று ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொண்டு, அதில் வடித்ததை மால்ட்டுடன் (முளைகட்டிய பார்லியில் வடித்த விஸ்கி) கலந்து உலகம் முழுக்க விற்றார்கள். பின்னால் அயர்லாந்தின் சுதந்திரப் போரும், பிரிட்டனுடன் வந்த வர்த்தகப் பூசலும் பெரிய சந்தையை அடைத்தன. மிச்சமிருந்த ஜேம்சன், பவர், கார்க் நிறுவனங்கள் 1966இல் ஒன்றாகச் சேர்ந்தன. 1970களின் முடிவில் தீவு முழுவதிலும் ஓடிய டிஸ்டில்லரிகள் மிடில்டன், புஷ்மில்ஸ் என இரண்டே. காஃபி கதையைத் தானாகவே எடுத்துச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் நல்ல கையில் இருக்கிறீர்கள் என்று நம்பலாம்.

இனி கிளாஸுக்கு வருவோம். சட்டப்படி ஐரிஷ் விஸ்கி அயர்லாந்துத் தீவில் வடித்து, 700 லிட்டருக்கு மிகாத மரப் பீப்பாயில் அந்தத் தீவிலேயே குறைந்தது மூன்று ஆண்டு கிடந்திருக்க வேண்டும். பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் வேண்டும். தீவு என்பதால் வட அயர்லாந்திலுள்ள புஷ்மில்ஸும் இதில் அடக்கம். வகை நான்கு. முளைகட்டி உலர்த்திய பார்லி மட்டும் போட்டுச் செம்புக் கலனில் வடித்தால் சிங்கிள் மால்ட். முளைகட்டியது 30 சதவீதமாவது, முளைகட்டாத பச்சைப் பார்லி 30 சதவீதமாவது சேர்த்து அதே மாதிரி வடித்தால் சிங்கிள் பாட் ஸ்டில். இதில் ஓட்ஸ், ரை போன்ற மற்ற தானியம் ஐந்து சதவீதம் வரை போகலாம் என்று 2014இல் எழுதிய விதி சொல்கிறது; பழைய செய்முறைகளில் அவை இதைவிடத் தாராளமாக இருந்ததால் இந்த ஐந்தைப் பற்றி ஆலைக்காரர்களுக்குள் சண்டை உண்டு. காஃபியின் கலனில் வடிப்பது கிரெய்ன். இவற்றில் இரண்டு மூன்றைக் கலந்தால் பிளெண்டட். சாதாரண ஜேம்சன் பாட் ஸ்டில்லும் கிரெய்னும் சேர்ந்த கலவை. இந்த நான்கில் அயர்லாந்துக்கு மட்டுமே சொந்தம் என்று சொல்லத்தக்கது சிங்கிள் பாட் ஸ்டில். பச்சைப் பார்லியால் நாக்கில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு வழவழப்பும், பின்னால் கிராம்பு, சுக்கு, மிளகு போன்ற காரமும் வரும். ரெட்பிரெஸ்ட் 12, கிரீன் ஸ்பாட், பவர்ஸ் ஜான்ஸ் லேன் ஆகியவை இந்த வகை. இதில் ஒன்றுகூட ஊற்றாத சுற்றுலாவுக்கு டப்ளினில் பணம் கட்ட வேண்டிய அவசியமில்லை.

நம்மூரிலிருந்து போகிறவர் இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் விலை குறைந்த விஸ்கிகள் பலவற்றின் அடிப்படை கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த சாராயம்; ஐரோப்பிய ஒன்றியத்தில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. அதைச் சோடாவில் கலந்து பழகிய நாக்குக்கு முதல் வாய் ஐரிஷ் விஸ்கி 'இவ்வளவு லேசாக இருக்கிறதே' என்று தோன்றும். அந்த நினைப்பில் வேகமாகக் குடித்துவிடாதீர்கள். ஆல்கஹால் அளவு ஒன்றும் குறைவில்லை.

சுற்றுலாவில் காதில் விழும் கதைகளை மூன்று கூடையில் போடலாம். தீ விபத்து, நான்கு நிறுவனங்கள், காஃபியின் காப்புரிமை எல்லாம் ஆவணமுள்ளவை. 'ஐரிஷ் விஸ்கி என்றாலே மூன்று முறை வடித்தது, புகை வாசனையே இருக்காது' என்பது வழக்கத்தைச் சட்டமாக்கிச் சொல்வது: மூன்று முறை வடிப்பது பரவலான பழக்கம்தான், சட்டம் அப்படிக் கேட்கவில்லை, கானமாரா என்ற ஐரிஷ் விஸ்கி இரண்டே முறை வடித்தது, அதோடு பீட் எனும் சதுப்புநில மண்ணை எரித்துப் புகை போட்டதும்கூட. மூன்றாவது கூடையில் வருபவை பாதி உண்மைகள். புஷ்மில்ஸ் பாட்டிலில் உள்ள 1608 என்பது அந்த வட்டாரத்தில் வடிக்க ஒரு பிரபுவுக்குக் கொடுத்த உரிமத்தின் ஆண்டு, நிறுவனம் பதிவானது 1784இல். பிரேசன் ஹெட் பப் 1198 என்று பலகை வைத்திருக்கிறது. அந்த இடத்தில் பழங்காலத்திலேயே சத்திரம் இருந்தது என்பது நம்பிக்கை, இன்று நிற்கும் கட்டடம் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1405இல் ஒரு குறுநிலத் தலைவர் கிறிஸ்துமஸ் சமயத்தில் அளவுமீறிக் குடித்துச் செத்தார் என்ற ஆண்டுக்குறிப்பை எல்லோரும் சொல்வார்கள். நம் கைக்கு வந்திருப்பது பதினேழாம் நூற்றாண்டில் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டுமே, அதுவும் விஸ்கியா வேறு சாராயமா என்று அதிலிருந்து முடிவுகட்ட முடியாது. 1785இல் மால்ட்டுக்கு வரி போட்டதால்தான் பச்சைப் பார்லி சேர்க்க ஆரம்பித்தார்கள் என்பதும் இப்படித்தான். வரி அந்தப் பழக்கத்தைப் பெருக்கியது என்பதை ஏற்கலாம். கலப்புத் தானியம் போடுவது அதற்கு முன்பே இருந்தது. ஜான் ஜேம்சன் ஸ்காட்லாந்துக்காரர் என்பது மட்டும் சந்தேகமே இல்லாத செய்தி. சிரித்துக்கொண்டே சொல்வார்கள், நம்பலாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது? பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டு நாலு விஷயம் கேளுங்கள். என்னென்ன விஸ்கி, பெயர் சொல்லி. ஒவ்வொன்றும் எத்தனை மில்லி. எந்தெந்தத் தெரு வழியாக நடை. ஒரு குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர். 'அன்றைக்கு இருப்பதைப் பொறுத்து, உயர்ந்த ரகம்' என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். வரிசையில் குறைந்தது ஒரு பிளெண்டட், ஒரு சிங்கிள் மால்ட், ஒரு சிங்கிள் பாட் ஸ்டில் இருக்க வேண்டும். நாலாவது கிரெய்னோ புகை போட்டதோ ஷெர்ரி என்ற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்ததோ எதுவானாலும் சரி. நாலுமே ஒரே நிறுவனத்தின் பிளெண்டட் என்றால் அது விளம்பரச் சுற்றுலா. குழு பன்னிரண்டு பேரைத் தாண்டினால் பப்புக்குள் வழிகாட்டியின் குரல் பின்னால் நிற்பவருக்குக் கேட்காது, வெள்ளி சனி இரவில் எட்டுப் பேருக்கே கேட்காது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் டெம்பிள் பார் பகுதியின் தெருக்களுக்குள்ளேயே சுற்றி முடிகிற நடையும் வேண்டாம் என்பேன். அங்கே கற்பாவிய தெருவும் பாட்டும் கூட்டமும் நன்றாக இருக்கும், விஸ்கியின் வரலாறு அங்கில்லை. ஃப்ளீட் ஸ்ட்ரீட்டில் உள்ள பேலஸ் பார் மட்டும் விதிவிலக்கு: 1823இல் தொடங்கியது, விக்டோரியா காலத்து மரவேலை, மாடியில் விஸ்கிக்கென்றே ஓர் அறை. பீப்பாய் பீப்பாயாக விஸ்கி வாங்கித் தாங்களே முதிரவைத்து பாட்டிலில் அடைத்த கடைகளும் பப்புகளும் முன்பு டப்ளினில் ஏராளம். கிரீன் ஸ்பாட் அப்படி ஒரு மதுவணிகக் குடும்பமான மிட்செல்ஸின் சரக்கு. எந்தப் பீப்பாய் எத்தனை ஆண்டு கிடக்க வேண்டும் என்று காட்ட வைத்த சாயப்புள்ளிதான் அதன் பெயருக்குக் காரணம்.

வழிகாட்டியிடம் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இதை எங்கே வடித்தார்கள்? கடையில் உள்ள ஐரிஷ் பிராண்டுகளில் பலவற்றுக்குச் சொந்த டிஸ்டில்லரி கிடையாது; சில பெரிய ஆலைகளிடம் வாங்கி, வேறு பீப்பாயில் சில மாதம் வைத்துத் தங்கள் பெயரில் விற்பார்கள். அதில் தப்பொன்றும் இல்லை, நல்ல சரக்கும் உண்டு. ஆனால் லேபிளில் அழகான மலைநாட்டுப் பெயரும் பழைய ஆண்டும் இருப்பதால் அங்கே ஓர் ஆலை இருக்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர் விஷயம் தெரிந்தவர்.

அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்குதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அயர்லாந்து பப்பில் ஒரு அளவு விஸ்கி 35.5 மில்லி, நம்மூர் 30 மில்லி ஸ்மால் பெக்கைவிடக் கொஞ்சம் கூட. நாலு பப்பில் நாலு முழு அளவு என்றால் 142 மில்லி. 40 சதவீதம் என்று வைத்தாலும் அதில் 45 கிராம் சுத்த ஆல்கஹால். 46 சதவீதமென்றால் 51 கிராமைத் தாண்டும். அயர்லாந்தில் ஒரு 'ஸ்டாண்டர்ட் டிரிங்க்' 10 கிராம், உடல் அதைச் செரிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டரை மணி நேர நடை முடிகையில் பாதி இன்னும் ரத்தத்தில் இருக்கும். கார் வாடகைக்கு எடுத்திருந்தால் அன்றிரவு சாவியைத் தொடாதீர்கள். சாதாரண ஓட்டுநருக்கு ரத்த வரம்பு 100 மில்லிக்கு 50 மில்லிகிராம், புதிதாக உரிமம் வாங்கியவருக்கும் தொழில்முறை ஓட்டுநருக்கும் 20தான். காலையிலும் ஊதச் சொல்வார்கள். சுற்றுலா நடத்துபவர் 15, 20 மில்லி ஊற்றுகிறார் என்றால் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம். ருசி பார்க்க அது தாராளம், நாலாவது கிளாஸின்போதும் மூக்கு வேலை செய்யும். சர்க்கரை நோய்க்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர், சில ஆன்டிபயாடிக் எடுப்பவர் முன்கூட்டியே தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு இணையத்தில் யாரும் பதில் சொல்லக்கூடாது, நானும் சொல்லமாட்டேன்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, சீஸ் என்று வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பச்சை மிளகாய்க் காரமோ பூண்டு ஊறுகாயோ வேண்டாம். எரிந்த நாக்கில் ஆல்கஹால் இன்னும் எரியும், வேறொன்றும் தெரியாது. புதினா பபிள்கம், அழுத்தமான சென்ட் இரண்டும் பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்துக் கெடுக்கும். வாய் குறுகிய சிறு கிளாஸ் கொடுப்பார்கள். ஒயின்போல் சுழற்றாதீர்கள், ஆல்கஹால் ஆவிதான் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். கிளாஸை மோவாய்க்குக் கீழே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடியே மெல்ல மூக்கருகே கொண்டுபோங்கள். முதல் வாய் அரை ஸ்பூன் அளவு. அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. இரண்டாவது வாயை ஐந்தாறு நொடி நாக்கின்மேல் வைத்திருந்து விழுங்கி, மூக்கு வழியே மூச்சு விடுங்கள். அமெரிக்க விஸ்கியான போர்பன் இருந்த பீப்பாயில் கிடந்தது வெனிலா, தேங்காய் பக்கம் போகும். ஷெர்ரி பீப்பாயில் கிடந்தது உலர் திராட்சை, பேரீச்சை, பருப்பு வகை. பிறகு தண்ணீர். 35 மில்லி 46 சதவீத விஸ்கியை 40க்குக் கொண்டுவர ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி போதும். தண்ணீர் கலக்காமல் பீப்பாய் வலுவிலேயே அடைத்த 57 சதவீதச் சரக்கை 46க்கு இறக்க எட்டு ஒன்பது மில்லி. ஒரேயடியாக ஊற்றாமல் சொட்டுச் சொட்டாக விட்டு ருசி பாருங்கள், கூடிவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. 46க்குக் கீழே இறங்கும்போது சிலது லேசாகக் கலங்கும். குளிரவைத்து வடிகட்டாததால் தங்கிய கொழுப்புதான், கெட்டுப்போகவில்லை. ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும், ஆகவே ருசி பார்க்கும்போது வேண்டாம். வரிசை எப்போதும் லேசிலிருந்து கனத்துக்கு: பிளெண்டட், மால்ட், பாட் ஸ்டில், கடைசியில் பீப்பாய் வலுவோ புகையோ. புகையை முதலில் குடித்தால் அடுத்த மூன்றும் புகையாகவே இருக்கும். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்குங்கள், அங்கே குழாய்த் தண்ணீர் கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

உங்கள் மனைவி தாராளமாகக் கூட வரலாம். பதிவு செய்யும்போதே குடிக்காதவர் ஒருவர் என்று எழுதினால் பழச்சாறோ ஆல்கஹால் இல்லாத 0.0 பீரோ ஏற்பாடு செய்வார்கள். குடிக்காதவருக்குக் கட்டணம் குறைவா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் தாமாகச் சொல்லமாட்டார்கள். அவர் உங்கள் கிளாஸை மோந்து பார்த்தாலே பாதிச் சுற்றுலா அவருக்கும் கிடைத்துவிடும், ருசியில் பெரும்பகுதி மூக்குதானே. நடை லிபர்ட்டீஸ் வழியாக இருந்தால் கதீட்ரலும் பழைய கட்டடங்களுமாக அவருக்குப் பார்க்க நிறைய உண்டு. பப்பிலிருந்து பப்புக்குத் தாவும் சுற்றுலாவில் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பதினெட்டு வயது ஆகாதவர்களை இந்தச் சுற்றுலாவில் சேர்ப்பதில்லை. பொதுவாகவே பப்பில் பெற்றோருடன் வந்த பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்கு வெளியேற வேண்டும், மே முதல் செப்டம்பர் வரை பத்து மணி. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மழைக்குக் குடையைவிடத் தலைமூடி வைத்த கோட்டு உதவும், காற்று குடையைத் திருப்பிவிடும். காலுக்கு ரப்பர் அடி வைத்த ஷூ. ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணி தாண்டியதும் இருட்டு. குளிர்காலத்தில் மாலைச் சுற்றுலா எடுத்தால் லிபர்ட்டீஸில் காற்றாலைக் கோபுரத்தின் நிழலைக்கூடப் பார்க்கமாட்டீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை, மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கிளம்பும் நடை இருந்தால் அதையே எடுங்கள்.

காசு கட்டாமலே செய்யலாமா என்றால், செய்யலாம். இரண்டு நாள் இருப்பதால் இப்படிப் பிரியுங்கள். முதல் நாள் காலை டிரினிட்டி கல்லூரி வாசலிலிருந்து டேம் ஸ்ட்ரீட் வழியே கிறைஸ்ட் சர்ச், அங்கிருந்து தாமஸ் ஸ்ட்ரீட், கலைக் கல்லூரியின் செம்புக் கலன்கள், ரோவின் கோபுரம். ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், மெதுவாக நடந்தால் ஒரு மணி நேரம். அங்கிருந்து தெற்கே திரும்பி நியூமார்க்கெட்டுக்கு வந்தால் டீலிங்கில் மதியச் சுற்று. இதற்கு முன்பதிவு வேண்டும். மறுநாள் பிரேசன் ஹெட்டிலிருந்து ஆற்றைக் கடந்து ஸ்மித்ஃபீல்டுக்கும் ஜேம்சனுக்கும் போகலாம். நீங்கள் கடக்கும் பாலத்தின் பெயர் ஃபாதர் மேத்யூ பாலம். 1838இல் மதுவொழிப்பு இயக்கம் தொடங்கி லட்சக்கணக்கான ஐரிஷ்காரர்களிடம் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிய பாதிரியார் அவர். கால் வலித்தால் ஸ்மித்ஃபீல்டிலேயே லுவாஸ் டிராம் சிவப்புத் தடத்தில் நிற்கும். மாலையில் பேலஸ் பாரில் உட்கார்ந்து, ஒரு ஜேம்சனும் ஒரு ரெட்பிரெஸ்டும் சேர்த்துக் கேட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி ருசியுங்கள். பிளெண்டடுக்கும் பாட் ஸ்டில்லுக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டு கிளாஸிலேயே பிடிபடும். அந்த இரண்டின் விலையையும் பலகையில் பார்த்துக் கூட்டி, இரட்டித்து, சுற்றுலாக் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். மிச்சம்தான் வழிகாட்டியின் பேச்சுக்குக் கொடுக்கும் விலை. மேலே சொன்ன நாலு கேள்விக்கும் நல்ல பதில் வந்திருந்தால் அந்த மிச்சத்தைக் கொடுக்கலாம். என்னைக் கேட்டால், விஸ்கி புதிதான உங்களுக்குக் கொடுப்பதே மேல். இரண்டாவது முறை போகிறவருக்குத் தேவையில்லை. தெருவில் நடந்தபடி பாட்டிலைத் திறக்க மட்டும் வேண்டாம், நகராட்சி விதி அதைத் தடுக்கிறது.

பாட்டில் வாங்குவதானால், கடையில் விற்பனை காலை 10.30 முதல் இரவு 10 வரை, ஞாயிறு மதியம் 12.30க்குப் பிறகுதான். 2022 முதல் ஆல்கஹால் கிராமுக்குப் பத்து சென்ட் என்று குறைந்தபட்ச விலைச் சட்டம் இருப்பதால், 40 சதவீத 700 மில்லி பாட்டில் எதுவும் 22 யூரோவுக்குக் கீழே கிடைக்காது. 'மலிவு விற்பனை' என்று எதையும் தேடி அலைய வேண்டாம். இந்தியாவுக்குள் ஒருவர் வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 2 லிட்டர். அங்கத்திய பாட்டில் 700 மில்லி என்பதால் மூன்று பாட்டில் 2.1 லிட்டராகிவிடும், அந்த நூறு மில்லி சுங்கத்தில் நிற்கவைக்கும். ஆளுக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டப்ளினிலிருந்து எப்படியும் வழியில் விமானம் மாற வேண்டியிருக்கும். ஏர்போர்ட் கடையில் வாங்கியதை அவர்கள் முத்திரையிட்டுத் தரும் பையிலேயே, ரசீது வெளியே தெரியும்படி, ஊர் வந்து சேரும்வரை பிரிக்காமல் வைத்திருங்கள். நகரக் கடையில் வாங்கியதைக் கையோடு எடுத்துப்போகாமல் பெரிய பெட்டியில், சட்டைகளுக்கு நடுவே சுற்றி வையுங்கள்.